எஞ்சின் கற்றுத்தரும் கணினிப் பாடம்

கிளிவெட்டி வயலில் சேறடிக்கும் லான்ட் மாஸ்டரில் கணினி எதுவும் இல்லை. எவ்வளவு டீசலை, எப்போது பீச்சுவது என்பதைப் பம்பும் கவர்னருமே பார்த்துக்கொள்கின்றன. அதே தெருவில் போகும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிளில் இந்த வேலை ஒரு நுண்கட்டுப்படுத்தியுடையது. கார் எஞ்சினுக்குக் கணினி 1977இலேயே வந்துவிட்டது: ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோவில் தீப்பொறி விழும் நேரத்தைக் கணித்தது ஒரு நுண்செயலி.

உயர்தரத் தொழில்நுட்பத் துறை இலங்கையில் 2013இல் தொடங்கியது. அங்கே நுண்கட்டுப்படுத்தி என்றதும் பெரும்பாலான மாணவர் முதலில் செய்வது விட்டுவிட்டு எரியும் சிக்னல் விளக்குத்தான். அது அரை விநாடி பிந்தி எரிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. எஞ்சின் அப்படிப் பொறுக்காது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. 10 பாகை திரும்ப 0.56 மில்லிவிநாடிதான்.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். வட்ட அட்டையின் விளிம்பில் 30 பாகைக்கு ஒன்றாக வெட்டுகள் போடுங்கள். பன்னிரண்டாவதை மட்டும் வெட்டாமல் விடுங்கள். அட்டையைச் சிறு மோட்டாரில் பூட்டி, பழைய பிரிண்டரில் கழற்றிய ஒளி உணரிக்குள் ஓடவிட்டு, உணரியை ஆர்டுயினோ ஊனோவின் 2ஆம் முனையில் இணையுங்கள். வெட்டில்லாத இடத்தில் இடைவெளி இரட்டிக்கும். எஞ்சினில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை நிரல் அதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். உண்மையான கார்கள் பலவற்றில் 60 பல்லுக்கு இடமிருக்கும் சக்கரத்தில் 2 பல் இருக்காது, கணக்கு இதேதான்.

இனி, வேகம் எதுவானாலும் பிஸ்டனின் உச்சிநிலை என்று அட்டையில் நீங்கள் வைத்துக்கொண்ட இடத்துக்கு 10 பாகை முன்னால் ஒரு எல்.ஈ.டி. 0.2 மில்லிவிநாடி மின்ன வேண்டும். அந்த வெளிச்சத்தை அட்டையில் வரைந்த வெள்ளைக் கோட்டில் பிடியுங்கள். கணக்குச் சரியென்றால், சுழலும் அட்டையில் கோடு அசையாமல் நிற்கும். கராஜ்களில் டைமிங் லைட் பிடிப்பதும் இதற்குத்தான். நிரலில் 'டிலே' போட்டு ஒவ்வொரு வெட்டாகக் காத்திருப்பவரின் கோடு மோட்டார் வேகம் கூடியதுமே தடுமாறும். 3,000 சுற்று வேகத்தில் 20 மில்லிவிநாடி காத்திருந்தால் ஒரு முழுச் சுற்றே போய்விடுமே! வெட்டு வந்த கணத்தில் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவரும் 'இன்டரப்ட்' எதற்கு என்பது அப்போது தானாக விளங்கும். எந்தப் பாடக்குறிப்பும் இவ்வளவு வேகமாக அதைப் புரியவைக்காது.

ஆர்டுயினோ மெகாவில் ஓடும் 'ஸ்பீடுயினோ' என்ற திறந்த மூலத் திட்டம் நிஜக் கார்களையே ஓட்டுகிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு எல்.ஈ.டி.யின் இடத்தில் உடனே இக்னிஷன் கொயிலை மாட்டிவிடாதீர்கள். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.