ஜியோலைட் போட்டால் ஏரி சுத்தமாகுமா?



சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களைக் கேட்டார்: “ஏம்மா, இறால் பண்ணையில மூட்டை மூட்டையா ஜியோலைட் தூவுறாங்களே, அதை நம்ம பழவேற்காடு ஏரியிலயும் போட்டா ரசாயனக் கழிவு போயிடுமா? குழுக் கடன்ல வாங்கலாமே!”

நல்ல கேள்வி. எல்லோருக்குமே பதில் சொல்லிவிடுகிறோம்.

ஜியோலைட் ஒரு கல் வகை. அதில் கண்ணுக்குத் தெரியாத, ஒரே சீரான துளைகள் நிறைய உண்டு. ஒரு துளையின் அகலம் தலைமுடியின் பருமனில் லட்சத்தில் ஒரு பங்குதான். வலைக்கண்ணுக்கு ஏற்ற மீன் சிக்குவது போல, துளைக்கு ஏற்ற பொருள் அதில் சிக்கும். பண்ணையில் அம்மோனியாவைப் பிடிக்கத்தான் இதைப் போடுகிறார்கள். பிடித்து வைக்குமே தவிர அழிக்காது. உப்புத் தண்ணீரில் பிடிப்பதும் குறைவு.

அழிக்க வேண்டுமானால் துளைக்குள் இரும்பைச் சேர்க்க வேண்டும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் சாயம், பீனால் போன்ற கழிவுகள் துண்டு துண்டாக உடையும். நன்றாக உடைந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிஞ்சும். அரிவாள்மனை மீனை நறுக்கும், அது தீர்ந்து போகாது அல்லவா? அதுபோல இந்தக் கல்லும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். இதற்குத்தான் வினையூக்கி என்று பெயர். இதேபோல் துளைகள் உள்ள புதுவகைப் படிகங்களை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஏரியில் போடலாமா? கூடாது. இது தொட்டிக்குள் அளவு பார்த்துச் செய்யும் வேலை. ஏரியின் உப்பு அதைக் கெடுக்கும். பெராக்சைடு அதிகமானால் இறால் குஞ்சும் சாகும். அரைகுறையாக உடைந்த கழிவு முன்பைவிட விஷமாகவும் மாறலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, மீனவர்கள் வாளியால் அள்ளினார்களே, நினைவிருக்கிறதா? கலந்த பிறகு பிரிப்பது அவ்வளவு கஷ்டம். எனவே கழிவைத் தொழிற்சாலைக்குள்ளேயே சுத்தம் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

* ஏரியில் போட எந்தப் பொடிக்கும் குழுக் கடன் வாங்காதீர்கள்.
* தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ரசாயனம் போகாது. சந்தேகமான தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
* தண்ணீர் நிறம் மாறினால், நாற்றம் அடித்தால், மீன் செத்து மிதந்தால், தேதி, நேரம், இடத்தைக் குழு நோட்டில் எழுதுங்கள். அதை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுங்கள். மார்ச் 22 கிராம சபையிலும் பேசுங்கள்.

கழிவை விடுபவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு நாம் ஏன் கடன்பட வேண்டும்?