உயிரின் உறுப்புக்களுக்கு ஓர் அளவுகோல்

செயற்கை உயிரியலார் தங்கள் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டுக்கும் ஓர் எண் இட்டு வைத்திருக்கிறார்களே, ஒரு துண்டை எடுத்தாள அந்த எண் ஒன்று இருந்தால் போதுமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். விஷயத்தின் மையத்தைத் தொடும் கேள்வி இது.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்தாபனத்தில் டாம் நைட் என்னும் அறிஞர், எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் இணையுமாறு முனைகளை ஒரே விதமாக அமைக்கும் 'பயோபிரிக்' முறையை வகுத்தார். அவ்விதம் அமைந்த துண்டுகளை எவரும் எடுத்தாளும்படி அங்கேயே தோன்றிய களஞ்சியம், ஐஜெம் என்னும் மாணவர் போட்டியினால் ஆண்டுதோறும் வளர்ந்து, பல்லாயிரம் துண்டுகளைக் கொண்டதாயிற்று.

இணைக்கும் முறையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது அளக்கும் முறைதான். மரபணுவுக்கு முன்னே நின்று அதனை இயக்கும் 'புரமோட்டர்' என்ற துண்டின் வலிமையை அறிய, ஜெல்லி மீனிலிருந்து பெற்ற பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை அதன் பின்னே பொருத்தி, பாக்டீரியாவிலிருந்து எழும் ஒளியை அளப்பார்கள்; அந்த ஒளியின் அளவோ, கருவி மாறினாலும் வளர்ப்புக் கரைசல் மாறினாலும் தானும் மாறிவிடும். ஆகவே, ஜேசன் கெல்லி முதலியோர் 2009-இல், ஜே23101 என்னும் ஒரே புரமோட்டரை அளவுகோலாக நிறுத்தி, அதனுடன் ஒரே வேளையில் சோதித்து, மற்றவை அதைப்போல் எத்தனை மடங்கு என்று குறிக்கும் முறையை வெளியிட்டனர். அதனால் இவ்வேறுபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற என் தாயாரின் கணக்கில், படியால் அளந்தாலும் டம்ளரால் அளந்தாலும் இட்லி ஒன்றுபோலவே அமைந்ததற்கும் விகிதத்தின் மகிமைதானே காரணம்!

எஞ்சிய வேறுபாட்டையும் களையும் முயற்சி தொடர்ந்தது. ஒளியின் அளவு பாக்டீரியாக்களின் தொகையையும் பொறுத்தது ஆதலால், கரைசலின் கலங்கலைக் கொண்டு பாக்டீரியாக்களின் தொகையை மதிப்பிட, அவற்றின் பருமனை ஒத்த சிலிக்கா நுண்மணிகளை அளவையாகக் கொள்வது நம்பத் தக்க வழி என்று, 244 ஆய்வுக்கூடங்கள் கலந்துகொண்ட ஆராய்ச்சி 2020-இல் நிலைநாட்டியது.

இத்தனை வழி இருந்தும், களஞ்சியத்தில் பல துண்டுகள் போதிய அளவுக் குறிப்பு இன்றியே கிடக்கின்றன. புதியதைப் படைப்பவருக்குக் கிடைக்கும் கீர்த்தி, பழையதைப் பொறுமையோடு அளப்பவருக்குக் கிடைப்பதில்லை. அளவு தெரியாத துண்டை எடுத்தவரோ, முன்னவர் செய்த வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்து காலத்தை விரயமாக்குகிறார். மாணவ நண்பரே, எண் மட்டும் போதாது. நீங்கள் ஒரு துண்டை எடுத்தாண்டால், எந்தப் பாக்டீரியாவில், எந்தக் கரைசலில், எத்தனை வெப்பத்தில் அளந்தீர்கள் என்பதையும், அது செயற்படவில்லையானால் அந்தத் தோல்வியையும், மறைக்காமல் எழுதி அனைவருக்கும் பொதுவாக வையுங்கள்.