தோனிக்கும் 4 கோடி... ஷாருக் கானுக்கும் 4 கோடி! ஐ.பி.எல் போடும் ‘உள்ளூர் வீரர்’ கணக்கு

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால் செம்மேடு. கொல்லிமலையின் மிளகும் பலாவும் விலைபோகும் ஊர். இங்கே டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகும் ஒரு பையன், மலை இறங்கி ஐ.பி.எல் வரை போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன சம்பளம் கிடைக்கும்?

‘திறமைக்கு ஏற்ற சம்பளம்’ என்றுதான் பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. அவன் இந்திய அணியின் தொப்பியைப் போட்டிருக்கிறானா, இல்லையா என்பதும் சம்பளத்தைத் தீர்மானிக்கும். போடாதவருக்கு ஐ.பி.எல் மொழியில் ‘அன்கேப்டு பிளேயர்’ என்று பெயர். உள்நாட்டுப் போட்டிகளில் வளர்ந்து, சர்வதேசப் போட்டியில் இன்னும் கால்வைக்காத நம் ஊர் வீரர்.

2014-க்கு முன்பு இவர்களுக்கு ஏலமே கிடையாது. முதல்தரப் போட்டிகளில் எத்தனை ஆண்டு அனுபவமோ, அதற்கேற்ப 10 லட்சம், 20 லட்சம், 30 லட்சம் என்று மூன்றே படிகள். எவ்வளவு அடித்தாலும், எத்தனை விக்கெட் எடுத்தாலும் அதற்கு மேல் கிடையாது. வேறு அணியிடம் போய்ப் பேரம் பேசலாமா? கூடாது. ராஜஸ்தான் அணியில் இருந்த ரவீந்திர ஜடேஜா, விதியை மீறி வேறு அணியோடு பேச்சு நடத்தினார் என்று 2010 சீசன் முழுவதும் தடை செய்யப்பட்டார். அதற்குள் இந்திய அணிக்கு ஆடிவிட்டதால், அடுத்த ஆண்டு அவர் ஏலத்துக்கு வர முடிந்தது. கொச்சி அணி கொடுத்த விலை 9.5 லட்சம் டாலர்!

2014-ல் கதவு திறந்தது. உள்ளூர் வீரர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். சுழற்பந்து வீச்சாளர் கரண் சர்மாவை ஐதராபாத் 3.75 கோடிக்கு எடுத்தது. முந்தைய ஆண்டு வரை இருந்த உச்சவரம்பு 30 லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால், அத்தனை ஆண்டுகளாக எவ்வளவு மடக்கி வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்தான் நம் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் டென்னிஸ் பந்தில் ஆடியவர்தான். 2017 ஏலத்தில் அவரது அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி கொடுத்தது 3 கோடி. பழைய படிகள் நீடித்திருந்தால், ரஞ்சியில் அறிமுகமாகி இரண்டு ஆண்டுகளே ஆன அவருக்கு 10 அல்லது 20 லட்சத்தோடு கதை முடிந்திருக்கும். இன்று சின்னப்பம்பட்டியில் அவர் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது.

சரி, உச்சவரம்பு ஒழிந்துவிட்டதா? முழுதாக இல்லை. ஏலத்தில் போனது, ‘தக்கவைப்பு’ விதியில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. 2025 சீசனுக்கு முன்பு, தக்கவைக்கப்படும் இந்திய அணி வீரர்களுக்கு 18, 14, 11 கோடி என்று படிகள் போடப்பட்டன. உள்ளூர் வீரர் என்றால் 4 கோடி.

குஜராத் அணியில் இரண்டு தமிழர்களைப் பாருங்கள். சாய் சுதர்சன், ஷாருக் கான். டி.என்.பி.எல்-லில் இருவருமே கோவை கிங்ஸ். 2023-ல் சாய் சுதர்சனின் ஐ.பி.எல் சம்பளம் 20 லட்சம். அதே ஆண்டு டி.என்.பி.எல் ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். உள்ளூர் லீக்கில் கிடைத்தது அதிகம்! அந்த 20 லட்சம் சம்பளத்தில்தான் ஐ.பி.எல் இறுதிப்போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன் விளாசினார். டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். 2025-க்கு 8.5 கோடியில் தக்கவைக்கப்பட்டார்.

ஷாருக் கான் 2022 ஏலத்தில் 9 கோடி, 2024 ஏலத்தில் 7.4 கோடி. இந்தியத் தொப்பி மட்டும் கிடைக்கவில்லை. தக்கவைப்பில் கிடைத்தது 4 கோடி. ஏலத்துக்குப் போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், விலைபோகாமலும் இருந்திருக்கலாம். அணி நினைத்தால் 4 கோடிக்கு மேலும் கொடுக்கலாம்தான். பஞ்சாப், ஷஷாங்க் சிங்குக்கு 5.5 கோடி கொடுத்தது. ஆனால், பெரும்பாலான அணிகளின் கை 4 கோடியைத் தாண்டவில்லை.

இதில் வேடிக்கை, தோனி. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டி ஆடாத, வாரிய ஒப்பந்தமும் இல்லாத இந்தியரை ‘அன்கேப்டு’ ஆகக் கருதலாம் என்ற பழைய விதி 2024-ல் மீண்டும் வந்தது. இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற கேப்டன் ‘உள்ளூர் வீரர்’ ஆனார். 12 கோடி வாங்கியவர் 4 கோடிக்கு இறங்கினார். சென்னைக்கு 8 கோடி மிச்சம்! ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், வளர்ந்துவரும் பையன்களுக்காகப் போட்ட பெட்டியில் ஒரு ஜாம்பவானை உட்காரவைத்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதே சென்னை, 2025 டிசம்பரில் நடந்த ஏலத்தில் பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்களைத் தலா 14.2 கோடிக்கு வாங்கியது. சந்தையில் விட்டால் விலை எங்கே போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செம்மேட்டுப் பையனுக்கு வருவோம். 2025 ஏலத்தில் உள்ளூர் வீரரின் அடிப்படை விலை 30 லட்சம். அதோடு, ஆடும் ஒவ்வொரு போட்டிக்கும் 7.5 லட்சம் கட்டணம். இது யாராக இருந்தாலும் ஒன்றுதான். லீக் ஆட்டங்கள் 14-லும் களமிறங்கினால் 1.05 கோடி. சம்பளத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால், களமிறக்க வேண்டுமே!