கலர் பொடிக்கும் பில் கேளுங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. யூடியூபில் பார்த்த வானவில் நிற மார்ஷ்மெல்லோ பார் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓவன் தேவையில்லை, அரை மணி நேர வேலை. மார்ஷ்மெல்லோவையும் அரிசி சீரியலையும் நல்ல கடையில் விலை கொடுத்து வாங்குகிறவர்கள், கலரை மட்டும் தெருமுனையில் காகிதத்தில் மடித்துத் தரும் பொடியாக வாங்கிவருகிறார்கள். அதில் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, தயாரித்தவர் யாரென்றும் இல்லை. பிள்ளை வாந்தி எடுத்தால் மிச்சப் பொடி குப்பைக்குப் போகிறது. "அந்தக் கடையில் வாங்காதீர்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போகிறது. அதோடு சரி. மறுநாளும் அதே கடையில் அதே பொடி விற்கிறது.

2024 பிப்ரவரியில் ரோடமைன் பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தது நினைவிருக்கும். அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். பஞ்சு மிட்டாயில் மட்டுமல்ல, எந்த உணவிலும் அதற்கு அனுமதி கிடையாது. அன்று வண்டிக்காரர்களைத் துரத்திய வேகத்தில், சில்லறையாகக் கலர் பொடி விற்கும் கடைகளையும் அதிகாரிகள் சோதித்திருக்க வேண்டும். இனிமேலாவது சோதிக்க வேண்டும். விடுமுறைக்கு முன்பே சோதிக்க வேண்டும், குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அல்ல.

இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான்: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். அவற்றுக்கும் அளவு உண்டு. மிட்டாய் வகைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான். வீட்டில் கரண்டி நுனியால் அள்ளிப் போடும்போது இந்தக் கணக்கு நிற்காது. ஆகவே என் யோசனை, கலரே வாங்காதீர்கள். மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, நான்கு கப் மார்ஷ்மெல்லோவைப் போட்டு, உருகியதும் பீட்ரூட் பொடியோ மஞ்சள் பொடியோ ஒரு சிட்டிகை சேருங்கள். பிறகு ஆறு கப் சீரியலைக் கலந்து தட்டில் அழுத்தினால் போதும். பீட்ரூட் சாறு ஊற்றாதீர்கள், சீரியல் நமுத்துவிடும். உருகிய மார்ஷ்மெல்லோ தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கிளறுவது பெரியவர்கள் வேலை. சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதையும் தடவ வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மார்ஷ்மெல்லோ தொண்டையில் அடைக்கும், கொடுக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மார்ஷ்மெல்லோ ஜெலட்டினில் செய்வது. அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். இறக்குமதிப் பாக்கெட்டில் இந்தக் குறியும், இறக்குமதியாளரின் முகவரியும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் ஸ்டிக்கராகவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்த எண் உண்மையா என்பதை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 40-வது பிரிவு, வாங்கியவரே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் செல்லாது. சந்தேகம் இருந்தால், சொல்லிவிட்டு, பில்லோடு பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள். கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். பொருள் தவறானது என்று அறிக்கை வந்தால் அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிக்கைக்குக் கெடு 14 நாள்.

முன்கூட்டிச் சொல்லாமல் வாங்கிவிட்டவர்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, கடையில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம். கடையின் பெயர், தெரு, வாங்கிய தேதி, பில், பாக்கெட்டின் இருபக்கப் படம் எல்லாம் வேண்டும். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போயிருந்தால் மருத்துவரின் சீட்டையும் சேருங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கடைசியாகச் சொல்கிறேன்: மிச்சப் பொடியைக் கொட்டாதீர்கள், காகிதத்தைக் கிழிக்காதீர்கள், பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.