வண்டி ஓட வெப்பம். வண்டி வாழக் குளிர்ச்சி

ரப்பர் பால் ஏற்றிய லோரி மேட்டுப் பாதையில் நின்றுவிடுவதையும், அதன் முன்மூடியின் இடுக்குகளில் ஆவி பறப்பதையும் தோட்டத்தில் வாழ்வோர் பலர் கண்டிருப்பர். "தண்ணீர் கொதித்துவிட்டது" என்பார் ஓட்டுநர். எண்ணெயில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் எதற்கு?

இயந்திரத்தினுள் எண்ணெய் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாக மாறுகிறது. இன்னொரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியது இயந்திரத்தின் இரும்பிலேயே தங்குகிறது. அதனை அகற்றாவிடில், மசகெண்ணெய் வழவழப்பை இழக்கும். உறுப்புகள் விரிந்து ஒன்றோடொன்று இறுகிவிடும். வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும் பணியைச் செய்வதே தண்ணீர்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில், இயந்திரத்தைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகவே வெளியேறியது. ஆகவே, அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய துணைவியார் பெர்த்தா, தம் புதல்வர் இருவருடன், மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் அத்தகைய வண்டியில் சென்றார். வழியெங்கும் நீர் தேடி ஊற்றினர். அடைபட்ட எரிபொருள் குழாயை அம்மையார் தம் தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். மேடுகளில் வண்டியைத் தள்ள நேர்ந்தது. இதன் பயனாக, மேடேறுவதற்குரிய கியர் பின்னர் சேர்க்கப்பட்டது. பட்டறையில் புலப்படாத குறைகளைப் பாதை காட்டிக்கொடுத்தது.

இயந்திரத்தின் ஆற்றல் பெருகியபோது வெப்பமும் பெருகியது. மேலும் மேலும் நீரைச் சுமந்து செல்வது இதற்குத் தீர்வாகாது. சூடான தேநீரைக் கோப்பையிலிருந்து தட்டில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறதன்றோ? காற்றுப் படும் பரப்பு மிகுவதே அதன் காரணம். இவ்வுண்மையையே பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக் கையாண்டார். 1900-ஆம் ஆண்டில் டைம்லர் நிறுவனத்திற்காக அவர் அமைத்த மெர்சிடிஸ் வண்டியின் ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் தேன்கூடுபோல் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களின் உள்ளே காற்றும், அவற்றைச் சுற்றி நீரும் சென்றன. வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்றை இழுக்கப் பின்னால் ஒரு விசிறி சுழன்றது. 35 குதிரைத்திறன் கொண்ட அவ்வியந்திரத்தைக் குளிர்விக்க 9 லிட்டர் நீரே போதியதாயிற்று.

பிற்கால வண்டிகளில் ரேடியேட்டரின் மூடி இறுக்கமாக அமைக்கப்பட்டது. உள்ளே அழுத்தம் கூடுவதால், நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். நன்மை தரும் இவ்வமைப்பிலேயே ஆபத்தும் உள்ளது. சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் நொடிப்பொழுதில் கொதித்து முகத்திலும் கைகளிலும் பீறிட்டடிக்கும். கண்பார்வையே பறிபோகலாம்.

ஆகவே, வண்டி கொதித்தால் ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். உதவி செய்ய விரும்பும் சிறுவர்களை அருகில் விடாதீர்கள். ஆறிய பின்னர், தடித்த துணியால் மூடியைப் பற்றி மெல்லத் திறவுங்கள். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்நீரை ஊற்றாதீர்கள், இரும்பு வெடித்துவிடக்கூடும். காலையில் வண்டியை எடுக்குமுன் நீரின் அளவைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் இயந்திரத்தையும் காக்கும், மனிதரையும் காக்கும்.