கருநிலைக் குருத்தணுக்களும் முதிர் குருத்தணுக்களும்: பெயரும் பொருளும்

திறவுச்சொற்கள்: குருத்தணு, கருக்கோளம், பன்திறன், உறைவிடம், எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடிக் குருதி

முன்னுரை

ஸ்டெம் செல் எனப்படுவதைத் தமிழ்ப் பாடநூல்கள் குருத்தணு என வழங்குகின்றன. தென்னையிலும் வாழையிலும் புதிய இலை குருத்திலிருந்தே விரிவதால் இச்சொல்லாக்கம் பொருத்தமானதே. எனினும், அதன் இருவகைகளுள் ஒன்றை முதிர் குருத்தணு எனக் குறிக்கும்போது இடர்ப்பாடு எழுகிறது. அன்று பிறந்த குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் உள்ளவையும் முதிர் குருத்தணுக்களே. இங்கு முதிர்வு என்பது உடையவரின் அகவையைச் சுட்டுவதன்று. உயிரணு உறையும் திசு உருப்பெற்றுவிட்டது என்பதையே சுட்டுகிறது. இது தவறவிடப்படின், இருவகைக்கும் இடையிலான வேறுபாடு இளமை, முதுமை என்னும் வேறுபாடாகச் சுருங்கிவிடும். அச்சுருக்கத்தின் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை.

தன்னைப் போன்ற உயிரணுவைத் தோற்றுவித்தல், தொழில்முறையில் சிறப்புற்ற உயிரணுவாக மாறுதல் ஆகிய இரண்டும் இருவகைக்கும் பொது. வேறுபாடு அவற்றின் இருப்பிடத்திலும் எல்லையிலும் உள்ளது.

கருநிலைக் குருத்தணுக்கள்

கருவுற்ற ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் மனிதக் கரு, உள்ளே நீர்மம் நிறைந்த சிறு கோளமாக இருக்கும். இதுவே கருக்கோளம். இதன் புறவடுக்கு பின்னர் நஞ்சுக்கொடி உருவாக உதவுகிறது. உட்புறத்தில் ஒருபால் ஒட்டியிருக்கும் அணுத்திரளிலிருந்தே உடல் முழுவதும் உருவாகிறது. அத்திரளைப் பிரித்து வளர்ப்பூடகத்தில் வளர்க்கக் கிடைப்பவை கருநிலைக் குருத்தணுக்கள். 1981-இல் மார்ட்டின் எவன்ஸ், மேத்யூ காஃப்மன் ஆகியோரும், தனித்து கெயில் மார்ட்டினும் எலியின் கருவிலிருந்து இவற்றைப் பெற்றனர். மனிதக் கருவிலிருந்து பெற்றவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன்; ஆண்டு 1998.

பலரும் கருதாத ஒன்று இங்குண்டு. கருப்பையில் இவ்வணுக்கள் இந்நிலையில் நீடிப்பதில்லை. சில நாள்களில் வெவ்வேறு திசுக்களாகப் பிரிந்துவிடுகின்றன. மாறாமலேயே பல்லாண்டுகள் பெருகும் இயல்பு ஆய்வகச் சூழலில்தான் வெளிப்படுகிறது.

உடலின் எல்லாத் திசுக்களையும் உருவாக்கும் இவற்றின் ஆற்றல் பன்திறன் எனப்படும். இதனை மெய்ப்பிக்க, எதிர்ப்பாற்றல் குன்றிய எலியின் உடலில் இவை செலுத்தப்படுகின்றன. அங்கு குருத்தெலும்பு, குடற்படலம், நரம்புத் திசு ஆகியன ஒன்றோடொன்று கலந்த டெரட்டோமா என்னும் கட்டி தோன்றினால் பன்திறன் உறுதியாகிறது. திறனை மெய்ப்பிக்கும் அதே சோதனை, ஆபத்தையும் மெய்ப்பித்துவிடுகிறது. ஆதலால் இவ்வணுக்களை நேரடியாக நோயாளிக்குச் செலுத்துதல் இயலாது; வேண்டிய திசுவாக மாற்றிய பின்னரே, மாறாத அணு எஞ்சவில்லை என உறுதிசெய்து செலுத்த வேண்டும். கருக்கோளம் அழிவது பற்றிய அறவியல் வினா தனியே நிற்கிறது.

முதிர் குருத்தணுக்கள்

1961-இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லோ ஆகியோர் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகளுக்கு மஜ்ஜை உயிரணுக்களைச் செலுத்தினர். எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை உயிரணுவின் வழித்தோன்றல் என்பது 1963-இல் நிறுவப்பட்டது. குருதியை உருவாக்கும் குருத்தணு பற்றிய அறிவு இவ்வாறு தொடங்கியது.

மஜ்ஜையில் இவை மிக அரியவை. பெரும்பாலும் உறங்குநிலையில் இருப்பவை. மனித உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாவது, இவற்றின் வழிவந்த இடைநிலை உயிரணுக்கள் விரைந்து பிரிவதால்தான். இவற்றின் குருத்துத் தன்மையைக் காப்பது சூழ்ந்திருக்கும் உறைவிடம் என்னும் கருத்தை 1978-இல் ரே ஸ்கோஃபீல்டு முன்வைத்தார். உறைவிடத்தை விட்டு நீக்கினால் அத்தன்மை மங்குகிறது. ஆய்வகத்தில் இவற்றைப் பெருக்குதல் கடினமாயிருப்பதும் இதனாலேயே.

எல்லா உறுப்புகளும் இதில் ஒத்தவை அல்ல. குடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதயத் தசையிலும் அத்தகைய குருத்தணு உண்டு என ஒரு காலத்தில் வலியுறுத்தப்பட்டது. அக்கூற்று பின்வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை.

எல்லைக்குட்பட்ட இத்திறனைக் குறையாகக் காண்பது பிழை. மஜ்ஜைக் குருத்தணு குருதியை மட்டுமே உருவாக்கும் என்பதால்தான் அதனை நம்பிச் செலுத்த முடிகிறது. 1968 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உயிர்களைக் காத்து வருகிறது. இத்துறைக்காக டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986-இல் தொடங்கியது.

2006-இல் ஷின்யா யமனாக்கா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் உயிரணுவைப் பன்திறன் நிலைக்கு மீட்டார். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் அது இயன்றது. கருவை அழிக்கும் தேவை இதனால் நீங்கியது. கட்டி உருவாகும் ஆபத்து நீங்கவில்லை.

தொப்புள்கொடிக் குருதி

பெயர்க்குழப்பம் பொருட்செலவாக மாறும் இடம் இது. பிறப்பின்போது கிடைப்பதால் தொப்புள்கொடிக் குருதியின் குருத்தணுக்கள் கருநிலையைச் சார்ந்தவை என்றும், எவ்வுறுப்பையும் பின்னாளில் சீராக்கும் என்றும் பெற்றோர் பலர் நம்பிவிடுகின்றனர்; சேமிப்பு விளம்பரங்களும் அந்நம்பிக்கைக்கு இடந்தருகின்றன. உண்மையில் அவை பெரும்பாலும் குருதியை உருவாக்கும் முதிர் குருத்தணுக்களே. உடன்பிறந்தாருக்கோ பொருத்தமுடைய பிறருக்கோ அவை பயன்படலாம். குழந்தையின் எதிர்காலத் தற்பயன்பாட்டுக்கெனச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலைப்பாடு. தலசீமியா போன்ற மரபுவழி நோயுள்ள குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியை அக்குழந்தைக்கே செலுத்தினும் பயன் விளையாது. அதே மரபணுக் குறை அவ்வணுக்களிலும் உள்ளது.