எண்ணும் அலகும்

கடைக்காரரிடம், "சர்க்கரை இரண்டு கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "இரண்டு கிலோவா, இரண்டு பொட்டலமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். இரண்டு என்பது வெறும் எண். அலகு சேரும்போதுதான் அது அளவாகிறது.

தேர்வில் அலகை எழுதாவிட்டால் அரை மதிப்பெண்தானே போகும் என்கிறீர்களா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைக் கேளுங்கள்.

மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டன் செல்லவிருந்த போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. இருப்பைக் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், கணக்கிட்டே நிரப்ப வேண்டியிருந்தது. தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. அதை 1.77ஆல் பெருக்கினார்கள்; 13,597 வந்தது. மீதி 8,703 கிலோகிராம் என்று கருதி, அதை 1.77ஆல் வகுத்து, ஏறத்தாழ 4,917 லிட்டர் நிரப்பினார்கள்.

பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில்! கிலோகிராமில் அது ஏறத்தாழ 0.8தான். ஆகவே தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளே விமானத்தில் இருந்தது. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி விமானத்தைச் சறுக்கியே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

எண்களைப் போலவே அலகுகளையும் பெருக்கலாம், வகுக்கலாம். லிட்டரை, 'லிட்டருக்கு இத்தனை பவுண்டு' என்பதால் பெருக்கினால் லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் அலகை எழுதியிருந்தால் பிழை அங்கேயே தெரிந்திருக்கும்.

உண்மையில் எத்தனை லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும்? 0.8ஐக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். விடை 20,000ஐத் தாண்டும். அலகை எழுத மறவாதீர்கள்!